ஸைடு 'பி'யில் என்ன நடந்தது?

கிரிக்கெட், சினிமா, அரசியல்... இந்த மூன்றையும் தொடாமல் நாலு ஆம்பிளைகள் ஒரு மணி நேரம் சண்டை போட முடியுமா? முடியும். அதற்கு ஒரு பழைய கச்சேரி ரிகார்டிங் போதும்.

இந்த வாரம் அப்படி ஒரு சண்டையைப் பற்றி. சண்டைக்குக் காரணம் 'சக்தி'. அம்மன் இல்லை, ஒரு வாத்தியக் கோஷ்டி. ஜாஸும் நம் ஊர் சங்கீதமும் கலந்து வாசித்தவர்கள்.

ஜாஸ் என்றதும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள், ப்ளீஸ். நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரிந்த அளவுக்கு எனக்கும் ஜாஸ் தெரியாது. ஆனால் இந்த ஜாஸில் கால்வாசி நம்ம திருவல்லிக்கேணி. அதனால் தைரியமாக மேலே படிக்கலாம்.

ஜான் மெக்லாக்லின் என்று ஒரு கிடார்க்காரர். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் 1942-இல் பிறந்தவர். எழுபதுகளின் ஆரம்பத்தில் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற பெயரில் எலெக்ட்ரிக் கிடாரை வைத்து காது கிழிய வாசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம்ம டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். ஸ்பீக்கரை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, சாதா கிடாருடன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூட உட்கார்ந்தவர்கள்: சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் எல். ஷங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் 'விக்கு' விநாயக்ராம். விக்குவின் அப்பா ஹரிஹர சர்மா 1958-இல் திருவல்லிக்கேணியில் ஆரம்பித்த ஜெயகணேஷ் தாள வாத்ய வித்யாலயாதான் நான் சொன்ன அந்தக் கால்வாசி.

1975 ஜூலை 5. நியூயார்க் அருகே சவுத்ஹாம்ப்டன் காலேஜில் ஒரு கச்சேரி. அதை அப்படியே ரிகார்ட் செய்து மறு வருஷம் எல்.பி.யாக வெளியிட்டார்கள். அந்த ஒரு தட்டில் மட்டும் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் உண்டு. மேடையில் ஐந்து பேர், அதில் மூன்று பேர் தாளம். அதாவது அறுபது பர்சென்ட்! நம்மூர் சபாவில் இப்படி ஒரு செட் போட்டால் செக்ரட்டரி மயக்கம் போட்டிருப்பார்.

ஏனென்றால், நம்மூரில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதி ஹால் எழுந்து காண்டீனுக்கு நடையைக் கட்டும். மிருதங்கக்காரர் மூன்று மாதம் உட்கார்ந்து யோசித்த கோர்வையை, போண்டாவுக்கு க்யூவில் நின்றபடி ஜன்னல் வழியாகக் கேட்போம். அதே தனியை சக்தி மேடையின் நடுவே வைத்தது. ஏழு கடல் தாண்டி அமெரிக்கக் காலேஜ் பையன்கள் நாற்காலியை விட்டு எழாமல் கேட்டார்கள். அங்கே போண்டா இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

*

இனி சண்டைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, லஸ் நாகேஸ்வர ராவ் பார்க். பெயர் போட்டால் அவரவர் வீட்டில் கேள்வி வரும் என்பதால் பேட்டை பெயரிலேயே சொல்கிறேன்.

தி.நகர்: காலேஜில் என் பெஞ்ச்மேட். இப்போது ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். ஹெட்ஃபோன் மட்டும் நாலு வைத்திருக்கிறான். 'சத்தம் சுத்தமா இருக்கணும்' என்பது கொள்கை.

மயிலாப்பூர்: இவனும் பி.காம். பாங்க் உத்தியோகம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பெயரைச் சொன்னால் குரல் கம்மும்.

அடையாறு ஸார்: எழுபது வயசு, ரிடையர்டு. சக்தியின் முதல் தட்டை அந்தக் காலத்திலேயே வெளிநாட்டிலிருந்து மச்சினர் மூலமாக வரவழைத்தவர். அந்த ஒரே தகுதியில் எங்களுக்குத் தலைவர்.

நான்? ஊறுகாய்.

தி.நகருக்கு 1977-இல் வந்த 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்'தான் உசத்தி. ஸ்டுடியோ ரிகார்டிங். பாட்டுகள் சின்னச் சின்னது. இருமல் இல்லை, தும்மல் இல்லை.

"ஸார், உங்க முதல் தட்டுல ரெண்டாவது பக்கம் பூரா ஒரே பாட்டு. இருபத்தொன்பது நிமிஷம். எடிட் பண்ணியிருந்தா எட்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"உன் கல்யாணத்தைக்கூட எடிட் பண்ணலாம்ப்பா. தாலி கட்டினது பத்து செகண்டு. மிச்சம் ரெண்டு நாள் எதுக்கு?"

தி.நகர் கப்சிப்.

மயிலாப்பூரின் கட்சி வேறு. 1978-இல் கலைந்து போன சக்தி, 1997-இல் 'ரிமெம்பர் சக்தி' என்று திரும்பி வந்தது. முதலில் வயலினுக்குப் பதில் ஹரிபிரசாத் சௌரஸியாவின் புல்லாங்குழல். அப்புறம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். விக்குவின் இடத்தில் அவர் பிள்ளை செல்வகணேஷ், கஞ்சிராவுடன். பாட்டுக்கு ஷங்கர் மகாதேவன். 2000 டிசம்பரில் பம்பாயில் வாசித்ததை மறு வருஷம் 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' என்று வெளியிட்டார்கள். நம்ம டிரம்ஸ் சிவமணியும் அதில் ஒரு கை பார்த்திருக்கிறார்.

"ஷங்கரோட வயலின் இல்லாம அது என்ன சக்தி?" என்பார் அடையாறு ஸார்.

"ஸ்ரீநிவாஸ் இல்லாம எது ஸார் சக்தி?" என்பான் மயிலாப்பூர்.

தி.நகர் நடுவில் புகுந்து, "ரெண்டுலயும் ஜனங்க கைதட்டறாங்க. அதை எடுத்துட்டா நல்லா இருக்கும்" என்பான். இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து அவனைத் திட்டும். கூட்டணி அரை நிமிஷம் நிலைக்கும்.

*

இதெல்லாம் வேலையற்ற வேலை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, அந்தப் பதினேழு டிஸ்க்கைப் பற்றிக் கேள்விப்படும் வரை.

ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மான்ட்ரோ என்ற ஊர். அங்கே வருஷா வருஷம் ஜாஸ் விழா, நம்ம டிசம்பர் சீஸன் மாதிரி. அதில் மெக்லாக்லின் பல வருஷங்கள் வாசித்ததையெல்லாம் சேர்த்து 2003-இல் ஒரே பெட்டியாகப் போட்டார்கள். பதினேழு ஸி.டி.! சக்தியின் கச்சேரிகளும் அதில் உண்டு. ஒரே ஊர், ஒரே கிடார்க்காரர். இதை வாங்குகிறவனுக்குப் பைத்தியமா?

இல்லை. இங்கேதான் என் பி.காம். கை கொடுத்தது.

நம் ஆபீஸ் கணக்கில் இரண்டு சமாசாரம் உண்டு. ஒன்று பாலன்ஸ் ஷீட். வருஷக் கடைசியில் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து டைரக்டர்கள் முன்னால் நிறுத்துவது. இன்னொன்று டே புக். அன்றன்றைக்கு நடந்தது, அடித்தல் திருத்தலோடு. டீ செலவு பன்னிரண்டு ரூபாய் உட்பட.

ஸ்டுடியோ ஆல்பம் பாலன்ஸ் ஷீட். கச்சேரி ரிகார்டிங் டே புக்.

சினிமாப் பாட்டுக்கு பாலன்ஸ் ஷீட் போதும். இசையமைப்பாளர் முடிவு செய்ததுதான் பாட்டு, தினமும் மாறாது. ஆனால் மேடையில் அந்த நிமிஷத்தில் கற்பனையாக வாசிப்பது என்று வந்துவிட்டால் கதையே வேறு. நம் வித்வான்கள் பாடும் கற்பனை ஸ்வரமும் சரி, ஜாஸ்காரர்கள் வாசிப்பதும் சரி, நேற்று வந்தது இன்று வராது. ஃபைனல் காப்பி என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒவ்வொரு ராத்திரியும் ஒரிஜினல் வவுச்சர். ஒன்று தொலைந்தால் தொலைந்ததுதான், டூப்ளிகேட் வாங்க முடியாது.

அதனால்தான் ரசிகர்கள் ஜூலை ராத்திரியையும் டிசம்பர் ராத்திரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இந்த ராத்திரி தபலா கேள்வி கேட்டது, கடம் பதில் சொன்னது. அந்த ராத்திரி கடம் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்டது. இதைக் கவனித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சம்பளம் இல்லாத ஆடிட்டர்!

இன்னொன்று. 2014 செப்டம்பர் 19, மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இதே சென்னையில் போய்விட்டார். வயசு நாற்பத்தைந்து. 2024 பிப்ரவரியில் சக்தியின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. (விக்கு 1992-லேயே 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் கிராமி பார்த்தவர். அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. அந்த வீட்டில் ஷெல்ஃப் போட்ட ஆசாரி பாக்கியவான்.) அதே 2024-இல், டிசம்பர் 15-ஆம் தேதி, ஜாகிர் உசேன் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் காலமானார்.

அந்த வார ஞாயிறு பார்க்கில் யாரும் சண்டை போடவில்லை. அடையாறு ஸார் மட்டும், "இனிமே அவங்க புதுசா வாசிக்கப் போறதில்ல. கேட்காத பழசு ஏதாவது கிடைச்சா அதுதாம்ப்பா நமக்குப் புதுசு" என்றார்.

*

பழசு கிடைத்தது. சக்தியுடையது இல்லை. மயிலாப்பூர் வீட்டுப் பரணிலிருந்து.

அவர்கள் ஃபிளாட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். பதினைந்து நாளில் காலி பண்ண வேண்டும். பரணில் ஆறு அட்டைப்பெட்டி. பிரித்தால் 212 கேஸட். அவனுடைய அப்பா, பாவம், அவரும் பாங்க்தான், எண்பதுகளில் சபா சபாவாகப் போய் மடியில் டேப் ரிகார்டரை வைத்துக்கொண்டு பதிவு செய்தவை. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

வீட்டில் கேஸட் ப்ளேயர் கிடையாது. பழைய பேப்பர்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக்ல கூடச் சேராது சார்" என்று போய்விட்டார்.

நான் கணக்குப் போட்டேன். கேஸட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதற்குக் குறுக்கு வழி கிடையாது. தொண்ணூறு நிமிஷ கேஸட் என்றால் தொண்ணூறு நிமிஷமும் ஓட விட வேண்டும். 212 கேஸட்டுக்கு 318 மணி நேரம். தினம் ஒன்று என்றால் ஏழு மாதம். ஒரு கேஸட்டுக்குள் கிட்டத்தட்ட நூற்று முப்பது மீட்டர் டேப் இருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்து நீட்டினால் மயிலாப்பூரில் ஆரம்பித்துத் தாம்பரத்தைத் தாண்டிவிடும்!

போதாக்குறைக்குச் சென்னையின் ஈரக்காற்று. பாதி கேஸட்டில் வெள்ளையாகப் பூஞ்சைக்காளான். சிலதில் டேப் சுற்றிக்கொண்டு நூடுல்ஸ். அப்புறம் பாட்டரி சமாசாரம். ரிகார்ட் செய்யும்போது பாட்டரி இறங்கினால் டேப் மெதுவாக ஓடும். அதைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடின வித்வான் கச்சேரி முடியும்போது இரண்டு கட்டையில் பாடுவார். 'அந்தக் காலத்துல என்ன சாரீரம் பாருங்கோ' என்று நாம் உருகும் சில ரிகார்டிங்குகளில் பாதிப் பெருமை தீர்ந்து போன பாட்டரிக்குச் சேர வேண்டியது.

தி.நகர் ஒரு பழைய டெக் தேடிப் பிடித்து வந்தான். ஆளுக்கு எழுபது கேஸட் என்று பிரித்துக்கொண்டோம். உடனே அடுத்த சண்டை. எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் போட்டுவிடலாம் என்றான் தி.நகர். பாடினவர்களைக் கேட்காமல் கூடாது என்றார் அடையாறு ஸார்.

ஸார் சொன்னதில் சட்டமும் இருக்கிறது. 1994-இல் நம் காப்பிரைட் சட்டத்தைத் திருத்தியபோது மேடையில் பாடுகிறவர், வாசிக்கிறவருக்கும் தனி உரிமை கொடுத்தார்கள். அதே சட்டத்தின் 39-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்காகவோ, நிஜமான பாடம் சொல்லித் தருவதற்கோ, ஆராய்ச்சிக்கோ பதிவு செய்து கொள்வது தப்பில்லை என்கிறது. ஊருக்கு விநியோகம் செய்வதும் விற்பதும் சொந்த உபயோகத்தில் வராது. மியூசிக் அகாடமியில் டி.ஏ.ஜி. பெயரில் இருக்கும் டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தில் பழைய கச்சேரிகளை அங்கேயே உட்கார்ந்து ஹெட்ஃபோனில் கேட்கலாம். அந்த மாதிரி ஒரு இடத்தில் கொண்டுபோய்க் கேட்டுப் பார்ப்பதுதான் மரியாதை என்று முடிவாயிற்று. இரண்டுக்கு ஒன்று ஓட்டில். ஊறுகாய்க்கு ஓட்டு கிடையாது.

*

நாற்பத்தோராவது கேஸட். லேபிளில் அப்பாவின் கையெழுத்து. '1989 டிசம்பர்' என்று மட்டும் இருக்கிறது. பாடினவர் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. நாங்கள் மூன்று பேரும் மயிலாப்பூர் வீட்டு ஹாலில், மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில். சமையலறையில் அவன் அம்மா.

வயலினில் ஆலாபனை. அருமையான ஆலாபனை. அதற்கு மேலேயே இரண்டு பேர் கிசுகிசுவென்று பேசுகிறார்கள்.

"பைரவி."

"மாஞ்சி ஓய்!"

"காதை டாக்டர்கிட்ட காட்டும். பைரவி."

முதல் குரல் அப்பா. இரண்டாவது, பக்கத்து வீட்டு மாமா. அவரும் இப்போது இல்லை. இரண்டும் அக்கா தங்கை மாதிரி ராகங்கள். பெரிய ரசிகர்களே தடுமாறுவார்கள். பாட்டு ஆரம்பித்தால் தெரிந்துவிடும். காத்திருந்தோம். ஆலாபனை முடிகிற தருணத்தில் எங்கேயோ பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். உடனே 'டக்'. ஸைடு 'ஏ' காலி.

பரபரவென்று திருப்பிப் போட்டோம். ஸைடு 'பி'யில் விவித் பாரதி! அத்தை யாரோ சினிமாப் பாட்டு பிடித்து வைத்திருக்கிறார்.

"முடிஞ்சுது. இந்தக் கேஸ் இனிமே தீரவே தீராது" என்று சிரித்தார் அடையாறு ஸார். "ஆனா பைரவிதாம்ப்பா."

தி.நகர் லாப்டாப்பைத் திறந்துவிட்டான். "வயலின் பிரமாதம். அந்தப் பேச்சையும் கடைசியில வர்ற பூனையையும் எடுத்துட்டா சூப்பரா இருக்கும். பத்து நிமிஷ வேலை."

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தார்.

"அது மாஞ்சிதான். அன்னிக்கு நானும் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்."

"அப்ப என்ன பாட்டும்மா பாடினார்?" என்று அடையாறு ஸார் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"யார் கண்டா? பாட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள குழந்தை அழ ஆரம்பிச்சுட்டான். வெளியில தூக்கிண்டு போயிட்டேன்." மயிலாப்பூரைக் கரண்டியால் காட்டினார். "பூனையாம் பூனை! அது இவன்தான்."

தி.நகர் லாப்டாப்பை மூடினான். மயிலாப்பூர் எழுந்து டேப்பைப் பின்னால் ஓட்டி அந்தக் கடைசி அரை நிமிஷத்தை மறுபடி போட்டான். "காதை டாக்டர்கிட்ட காட்டும்" என்றார் அவன் அப்பா. ஒருவரும் பேசவில்லை. அம்மா மட்டும், "எப்பவும் இவருக்கு வம்புதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு ரசத்தில் உப்பு கொஞ்சம் கூட.

*

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். கச்சேரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பட்டிமன்றமோ, கல்யாண நாதஸ்வரமோ, தாத்தா கதை சொன்னதோ. பூஞ்சை பிடித்த கேஸட்டை அவசரப்பட்டு ப்ளேயரில் போட்டு ஓட்டாதீர்கள்; டேப் அறுந்தாலும் அறும். தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, ஒரு தடவை ஓடவிட்டுக் காப்பி எடுங்கள். எடுத்ததை வெட்டாமல் ஒன்று வைத்துக்கொண்டு, வெட்டுவதாக இருந்தால் இன்னொரு காப்பியில் வெட்டுங்கள். முக்கியமாக, லேபிளில் தேதி, இடம், யார் யார் என்று எழுதி வையுங்கள். பின்னால் வருகிறவர்களுக்குச் சண்டை போட சௌகரியமாக இருக்கும். சண்டை போட ஆள் இல்லாத ரிகார்டிங் வெறும் பிளாஸ்டிக். பேப்பர்காரர் சொன்ன மாதிரி, அதில்கூடச் சேராது.

இன்னும் 171 கேஸட் பாக்கி. அதில் ஏதோ ஒன்றில் அதே கச்சேரியின் மீதி இருக்கும் என்று மயிலாப்பூர் நம்புகிறான். இருக்கக் கூடாது என்று அடையாறு ஸார் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். பாட்டு மாஞ்சியில் இருந்துவிட்டால்?